பீன்ஸ்ல பூச்சியா? மருந்து கலக்குறதுக்கு முன்னாடி குளவி வேலை செய்யுதான்னு பாத்துருங்க

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு கொடைக்கானல் கீழ்மலைல, பண்ணைக்காட்டுக்கு மேல முக்கால் ஏக்கர். செடி பீன்ஸும் கொடி பீன்ஸும் மாத்தி மாத்திப் போடுவோம், வேலியோரம் அவரை. மேல்மலைல மச்சான் வீட்டு தோட்டத்துல பட்டாணியும் பட்டர் பீன்ஸும் இருக்கு, அதையும் மாசம் ரெண்டு தடவை போய் பாத்துட்டு வருவேன். இதை எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி பீன்ஸ் இலைல வெள்ளைக் கோடு விழுந்துருச்சுன்னு மருந்துக்கடைல குடுத்ததை வாங்கி வாரம் ஒரு தடவைன்னு அஞ்சு தடவை அடிச்சேன், ஒவ்வொரு தடவை அடிச்சப்புறமும் கோடு கூடிக்கிட்டே போச்சு, கடைசில ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எட்டு மூட்டை போக வேண்டிய இடத்துல மூணு மூட்டைதான் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தக் கோட்டைப் போடுற புழுவைத் தின்னுக்கிட்டு இருந்த குளவியை நான்தான் கொன்னுட்டு இருந்திருக்கேன்.

குளவின்னதும் கூடு கட்டி கொட்டுறதை நினைக்காதீங்க. இது ஒட்டுண்ணிக் குளவி, கடுகை விட சின்னது, சிலது கண்ணுக்கே சரியா தெரியாது. பூச்சியோட முட்டைக்குள்ளயோ புழுவுக்குள்ளயோ தன் முட்டையை வச்சுரும், அதுலேர்ந்து வர்ற குட்டிப்புழு பூச்சியை உள்ளேயிருந்தே தின்னு கொன்னுட்டு புதுக் குளவியா வெளிய வரும். மனுசனைக் கொட்டாது. இவ்ளோ சின்னது என்ன பண்ணிரப் போகுதுன்னு கேக்குறவங்க பப்பாளி கதையை ஞாபகம் வச்சுக்குங்க. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் வெள்ளையா மூடுச்சுல்ல, எந்த மருந்துக்கும் அடங்கல. 2010ல போர்ட்டோ ரிக்கோவுலேர்ந்து அசிரோஃபேகஸ்னு ஒரு குட்டிக் குளவியைக் கொண்டாந்து விட்டாங்க, கொஞ்ச நாள்லயே அடங்கிருச்சு.

சரி, முதல்ல ரெண்டு சாமான் வேணும். பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற சின்ன மடக்கு லென்ஸ் ஒண்ணு, அப்புறம் வாய் அகலமான கண்ணாடி பாட்டில் ஒண்ணு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். சந்தேகமா இருக்குற இலை, புழு, முட்டை எதுவா இருந்தாலும் பறிச்சு பாட்டில்ல போட்டு, அடியில ஒரு டிஷ்யூ பேப்பர் (ஈரம் கட்டுனா பூஞ்சணம் பிடிச்சுரும்), வாய்க்கு மெல்லிசு வெள்ளைத் துணி, ரப்பர் பேண்டு. வெயில் படாத இடத்துல வச்சு தினமும் பாருங்க. கீழ சமவெளில பத்து நாள்ல வர்றது நம்ம குளிர்ல ரெண்டு மூணு வாரம் கூட எடுக்கும், அவசரப்பட்டு தூக்கி எறிஞ்சுராதீங்க. உள்ள பறக்குறது ஈயா குளவியான்னு கண்டுபிடிக்கிறது ஈஸி: ஈக்கு மீசை கண்ணுக்கே தெரியாத அளவு குட்டை, இடுப்பு கிடையாது. குளவிக்கு மீசை நீளம், நடக்கும்போது குருடர் கம்பு தட்டுற மாதிரி மீசையால தட்டித் தட்டி நடக்கும், இடுப்பு ஒடுங்கி இருக்கும். இனி செடில என்ன தெரியுதோ அந்த இடத்துக்குப் போங்க.

இலைல பாம்பு ஓடின மாதிரி வெள்ளைக் கோடு

இது இலைத்துளைப்பான். ஈயோட புழு இலையோட ரெண்டு தோலுக்கு நடுவுல தின்னுக்கிட்டே போறதுதான் அந்தக் கோடு. அமெரிக்கா பக்கத்துலேர்ந்து 1990கள் தொடக்கத்துல நம்ம நாட்டுக்கு வந்த லிரியோமைசா இதுல முக்கியமானது. மருந்துக்கு சீக்கிரம் பழகிரும், ஆனா அதைக் கொல்ற குளவி பழகாது. நான் மேல சொன்ன கூத்து அதனாலதான் நடந்துச்சு.

இலையைப் பறிச்சு சூரியனுக்கு நேரா தூக்கிப் பிடிங்க. கோடு மெல்லிசா ஆரம்பிச்சு போகப் போக அகலமாகும். அது எங்க முடியுதோ அங்க பாருங்க. அகலமான முனைல பிறை மாதிரி ஒரு கீறல் இருந்தா புழு முழுசா வளந்து இலையைக் கிழிச்சுட்டு மண்ணுக்குக் கூட்டுப்புழுவாக இறங்கிருச்சுன்னு அர்த்தம். கீறல் இல்லாம, கோடு இன்னும் மெல்லிசா இருக்கும்போதே பாதில நின்னுருந்தா புழு உள்ளயே செத்துருச்சு. அந்த இடத்தை லென்ஸ்ல பாத்தா பழுப்பா தட்டையா ஒரு தோல் கிடக்கும், அதுக்குப் பக்கத்துல வெளிர் பச்சையா இன்னொரு குட்டிப்புழுவோ இல்ல கருப்பு கூட்டுப்புழுவோ இருந்தா அது டைக்ளைஃபஸ் குளவி. இந்தக் குளவி முதல்ல புழுவைக் கொட்டி அசையாம பண்ணிட்டு பக்கத்துல முட்டை வைக்கும், அதனால புழு அந்த நிமிஷமே தின்குறதை நிறுத்திரும். ஒரு விஷயம் எனக்கு எத்தனை தடவை பாத்தாலும் ஆச்சரியமாத்தான் இருக்கு: குளவிக்குட்டி கூட்டுப்புழுவா மாறுறதுக்கு முன்னாடி தன் எச்சத்தாலயே சுத்தி குட்டிக் குட்டித் தூண் நட்டு வைக்கும், இலை காஞ்சு சுருங்கும்போது ரெண்டு தோலும் ஒட்டி நசுக்கிடக் கூடாதுன்னு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அந்தத் தூண் வரிசையா கருப்புப் புள்ளி மாதிரி தெரியும்.

பட்டாணில மட்டும் கொஞ்சம் கவனம். அதுல வர்ற இன்னொரு வகை இலைத்துளைப்பான் மண்ணுக்கு இறங்காம இலைக்குள்ளயே கூட்டுப்புழு ஆகும், அதனால பட்டாணி இலைக்குள்ள கூட்டுப்புழு பாத்ததும் ஆகா குளவின்னு முடிவு பண்ணிராதீங்க, பாட்டில்ல போட்டு என்ன வருதுன்னு பாத்துட்டுப் பேசுங்க.

என்ன செய்யணும்னா, தோட்டத்துல பத்து இடத்துல பத்து இலை பறிச்சு ஒரு இருபது கோடு எண்ணிப் பாருங்க. பாதிக்குப் பாதி பாதில நின்னுருந்தா நான் பம்பைத் தொடவே மாட்டேன், அஞ்சாறு நாள் கழிச்சு திரும்பப் பாப்பேன். அடி இலைல மட்டும் கோடு, மேல புது இலை சுத்தமா இருக்குன்னா காய் விளைச்சலுக்கு அதால பெருசா ஒண்ணும் ஆகாது. எல்லாக் கோட்டுலயும் கீறல் இருந்து புது இலைக்கும் ஏறுச்சுன்னா வேப்பங்கொட்டைக் கரைசல், லிட்டருக்கு 50 கிராம் இடிச்சு ராத்திரி ஊறவச்சு வடிகட்டி, சாயங்காலம் அடிங்க. அடி இலையைக் கிள்ளி எடுத்தாலும் எரிக்காதீங்க, அதுக்குள்ளதான் குளவியும் இருக்கு.

குருத்துலயும் பூங்கொத்துலயும் கருப்பா பேன் அப்பிக் கிடக்கு

அவரைலயும் கொடி பீன்ஸ்லயும் இதுதான் ஜாஸ்தி. அசுவினின்னு புக்குல போடுவாங்க, நம்ம ஊர்ல பேன்தான். இங்க பாக்க வேண்டியது பேனோட எண்ணிக்கையை இல்ல, பேனுக்கு நடுவுல என்ன கலந்து கிடக்குங்கறதை. நாலு விதமா இருக்கும். வெள்ளையா காத்துல பறக்குற தோல்: பேன் வளரும்போது கழட்டிப் போட்டது, அதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல. வெள்ளைப் பஞ்சு மாதிரி மூடி செத்துக் கிடக்குறது: பூஞ்சாணம், மூடுபனி விடாம இருக்குற நாள்ல வரும், அதுவும் நல்லதுதான். சுருங்கி காஞ்சு கீழ விழுறது: மருந்துல செத்தது. நாலாவது, உருண்டையா உப்பி, தங்க நிறமா இல்ல வெளிர் பழுப்பா, இலையோட ஒட்டிக்கிட்டு அசையாம இருக்குற பேன். தொட்டுப் பாருங்க, சம்பா அரிசிப் பொரி மாதிரி மொறுமொறுன்னு இருக்கும். அதுதான் குளவி உள்ள இருக்குற பேன், ஏஃபிடியஸ் வகை. கருப்பா மெலிஞ்சு ஒட்டி இருந்தா அது அஃபிலைனஸ்ங்கற இன்னொரு குளவி.

போன தை மாசம் பக்கத்துத் தோட்டத்து அக்கா வரப்புல நின்னு, "ஏன் தம்பி, பேன் இப்படி அப்பிக் கிடக்கு, மருந்து அடிக்காம வேடிக்கை பாக்குற?"ன்னு கேட்டாங்க. "அக்கா, இங்கிட்டு வந்து இந்தக் கண்ணாடில பாருங்க"ன்னு கூப்பிட்டேன். அவங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தாங்க, அந்த நேரம் பாத்து ஒரு தங்கப் பேனோட முதுகுல உள்ள இருந்து யாரோ கத்திரியால வட்டமா வெட்டுற மாதிரி கோடு விழுந்துச்சு, மூடி தூக்குச்சு, முதல்ல ரெண்டு மீசை வெளிய வந்து ஆடுச்சு, அப்புறம் தலை, அப்புறம் மொத்த உடம்பையும் இழுத்துக்கிட்டு வெளிய வந்து ரெக்கையைத் துடைச்சுது. "ஆத்தாடி"ன்னாங்க. அன்னைக்கு அவங்களும் மருந்து அடிக்கல.

அந்த ஓட்டையைக் கூட கவனிங்க. வட்டமா வழவழன்னு, சிலதுல மூடி தொங்கிக்கிட்டு இருந்தா நம்ம குளவி வெளிய போயிருக்கு. ஓரம் கடிச்சுக் குதறின மாதிரி ஒழுங்கில்லாம இருந்தா, நம்ம குளவியைத் தின்ன வேற ஒரு குளவி வெளிய வந்திருக்கு. ஆமா, குளவிக்கும் குளவி இருக்கு. குதறின ஓட்டையே ஜாஸ்தியா இருந்தா இந்த சீசன்ல குளவியை நம்பிக் காத்திருக்கிறதுல பிரயோஜனம் இல்ல, தண்ணியை வேகமா பீச்சி அடிச்சு பேனைக் கீழ தள்ளிட்டு, மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடிங்க.

பத்துப் பேனுக்கு ஒண்ணு ரெண்டு தங்கமா இருந்தாலே நான் அஞ்சு நாள் விடுவேன், ஏன்னா உள்ள முட்டை இருந்தும் இன்னும் உப்பாத பேன் நம்ம கண்ணுக்குத் தெரியாது, நிஜக் கணக்கு அதை விடக் கூட. ஒண்ணு கூட தங்கமா இல்ல, பேன் மேல எறும்பு சாரி சாரியா ஓடுதுன்னா முதல்ல எறும்பைப் பாருங்க. பேன் விடுற தேன் மாதிரி இனிப்புக்காக எறும்பு பேனைக் காவல் காக்கும், குளவியை விரட்டும். குச்சி அடியில கிரீஸ் தடவுன துணி சுத்துனாலே கொடி பீன்ஸ்ல எறும்பு ஏறாது, ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியும்.

இலை பச்சையும் மஞ்சளுமா திட்டுத் திட்டா சுருண்டு கிடந்தா அது வேற, மொசைக் வைரஸ். பேன் பரப்புறதுதான், விதைலயும் வரும், ஆனா வந்தப்புறம் குளவியாலயும் முடியாது மருந்தாலயும் முடியாது. பிடுங்கிருங்க, அந்தச் செடில விதை எடுக்காதீங்க.

முளைச்சு ரெண்டு மூணு வாரத்துல கன்னு மஞ்சளாகி சாயுது

பிடுங்கி வேருக்கு மேல தண்டைப் பாருங்க. தண்டு வீங்கி நீளவாக்குல வெடிச்சு, தோலை உரிச்சா அடியில பழுப்பு அரிசி மாதிரி கூட்டுப்புழு இருந்தா தண்டு ஈ. முதல் ரெண்டு இலைல முட்டை வைக்கும், புழு காம்பு வழியா இறங்கி தண்டோட அடிக்கு வந்துரும்.

இதுக்கும் ஓபியஸ்னு குளவி இருக்கு. ஹவாய் தீவுல தண்டு ஈ பீன்ஸை அழிச்சப்போ 1969ல கிழக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து ரெண்டு வகை ஓபியஸ் கொண்டுபோய் விட்டு அடக்குனாங்க. ஆனா தெரிஞ்சுக்குங்க, இந்தக் குளவி தண்டு ஈ புழுவை உடனே கொல்லாது, அது கூட்டுப்புழு ஆகுற வரைக்கும் விட்டுட்டு அப்புறம்தான் தின்னு முடிக்கும். புழு தண்டைத் தின்ன வேண்டியதைத் தின்னுருக்கும். அதனால குளவி காப்பாத்துறது அடுத்து விதைக்கப் போற பீன்ஸை, இந்தக் கன்னை இல்ல. இங்க காத்திருக்காதீங்க. சாயாம நிக்குற கன்னுக்கெல்லாம் உடனே மண் அணைங்க, வெடிச்ச இடத்துக்கு மேல புது வேர் விட்டு பாதி பொழைச்சுக்கும். பழைய பீன்ஸ் காட்டுக்குப் பக்கத்துலயே புதுசா விதைக்கிறதை முடிஞ்ச வரை விடுங்க, ஈ நேரா அங்க தாவும்.

காய்ல ஓட்டை, உள்ள பச்சைப்புழு

புழு காய்க்குள்ள போனப்புறம் டிரைக்கோகிரம்மா குளவி ஒட்டுன முட்டை அட்டை வாங்கிக் கட்டி ஒரு புண்ணியமும் இல்ல. இதுலதான் நிறைய பேர் காசை விடுறாங்க. டிரைக்கோகிரம்மாங்கறது அரை மில்லிமீட்டர் குளவி, அது வேலை செய்யுறது அந்துப்பூச்சியோட முட்டைல மட்டும். அதனால பூ எடுக்கும்போதே, இனக்கவர்ச்சிப் பொறில (பெண் அந்தோட வாசனை வச்சு ஆண் அந்தை இழுக்குற பொறி) அந்து விழ ஆரம்பிச்ச உடனே கட்டணும், வாரம் ஒரு தடவை திரும்பக் கட்டணும்.

அட்டை வந்ததும் லென்ஸ்ல பாருங்க. அரிசி அந்துப்பூச்சி முட்டைல குளவியை வளத்து அட்டைல ஒட்டித் தருவாங்க, 1 சிசி அட்டைல சுமார் 20,000 முட்டை வரைக்கும் இருக்கும். முட்டை கருப்பா பளபளன்னு முழுசா இருந்தா சரி. வெளிறி இருந்தா குளவி படாதது. கருப்பு முட்டைல எல்லாம் ஓட்டை இருந்தா வர்ற வழியிலயே குளவி பறந்துருச்சு, வத்தலக்குண்டுலேர்ந்து பஸ்ல சூடா வர்ற அட்டைல இது நடக்கும், திருப்பிக் குடுத்துருங்க. சின்னத் துண்டா வெட்டி இலைக்கு அடியில பின் அடிங்க, மழை படக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது, காலைல பனி விலகுனப்புறமோ சாயங்காலமோ கட்டுங்க. கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரமும் பின்னாடி ஒரு வாரமும் மருந்து வாசனையே ஆகாது.

வேலை செஞ்சுச்சான்னு எப்படித் தெரியும்? பூவுலயும் குருத்துலயும் தனித்தனியா கசகசா மாதிரி வெளிர் மஞ்சள் முட்டை இருக்கும். குளவி பட்ட முட்டை மூணு நாலு நாள்ல சீரா கருப்பாகி அப்படியே நிக்கும். குளவி படாத முட்டையும் பொரிக்கிறதுக்கு முன்னாடி கருக்கும், ஆனா அது உள்ள புழுவோட தலை ஒரு பக்கமா தெரியுற கருப்பு, அடுத்த நாள் ஓடுதான் மிஞ்சும். இன்னொண்ணு, கொண்டைக்கடலைல இந்தக் குளவி எடுபடாது, அந்தச் செடி ரோமத்துல சுரக்குற புளிப்பு அதுக்கு ஆகாது. கொண்டைக்கடலைல பாத்துட்டு பீன்ஸ்லயும் வேஸ்ட்டுன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

சின்னப் புழு தெரிஞ்சா கேம்போலெட்டிஸ்ங்கற குளவி இருக்கான்னு தேடுங்க. இலை மேல சாம்பல் வெள்ளையா கருப்புப் புள்ளி போட்ட ஒரு கூடு, பக்கத்துல சுருங்கின புழுத்தோல், பாத்தா பறவை எச்சம் மாதிரி இருக்கும், நம்ம ஆளுங்க அதைப் புழுக்கூடுன்னு நினைச்சு நசுக்கிருவாங்க. நசுக்காதீங்க. அது இல்லாம சின்னப் புழு ஏறிக்கிட்டே போனா பி.டி.ங்கற (Bt) புழுவைக் கொல்ற பாக்டீரியாவை சாயங்காலமா அடிங்க, அதைத் தின்ன புழுவை மட்டும்தான் கொல்லும், பறக்குற குளவிக்கு ஒண்ணும் ஆகாது. பூவை எல்லாம் நூலால சேத்துக் கட்டுன மாதிரி பின்னி உள்ள புள்ளிப்புழு இருந்தாலும் அதேதான், பின்னல் கெட்டியாகுறதுக்கு முன்னாடி அடிக்கணும், கூடவே பின்னின பூவைக் கிள்ளிரணும்.

இலையை ஓட்டை போட்டுத் தின்னுட்டு முதுகை வளைச்சு நடக்குற புழு

காவடிப்புழு. இதுல பெருசா கொழுத்த ஒண்ணு தெரிஞ்சா உடனே பதறாதீங்க. கோப்பிடோசோமான்னு ஒரு குளவி இதோட முட்டைல ஒரே ஒரு முட்டையை வைக்கும், அது உள்ள பிரிஞ்சு பிரிஞ்சு ஆயிரத்துக்கும் மேல குட்டியா ஆயிரும். புழு சாதாரணத்தை விட ஜாஸ்தியா தின்னும், ஜாஸ்தியா வளரும், அப்புறம் வளைஞ்ச நிலைல அப்படியே விறைச்சு, தோலுக்குள்ள எள்ளை அடைச்ச மாதிரி ஆயிரும். அந்த விறைச்ச புழுவைப் பறிச்சு பாட்டில்ல போட்டு வச்சு, குளவி வந்ததும் தோட்டத்துல திறந்து விடுங்க.

தட்டுனா வெள்ளை ஈ பறக்குது

இலைக்கு அடியில செதில் மாதிரி ஒட்டி இருக்குறதைப் பாருங்க. வெளிர் பச்சை, வெள்ளையா இருந்தா உயிரோட இருக்கு. கருப்பா இருந்தா என்கார்சியா பட்டது. 1926ல இங்கிலாந்துல ஒரு தக்காளிக்காரர் செதில்ல சிலது மட்டும் கருப்பா இருக்கேன்னு கவனிச்சுக் கொண்டுபோய்க் காட்டுனதுலதான் இந்தக் குளவியை வளத்து விடுற பழக்கமே அங்க ஆரம்பிச்சுது. மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கிறவங்க, பூச்சி வந்துருச்சான்னு தெரிஞ்சுக்க ரெண்டு மூணு போதும், வரிசையா தொங்க விட்டா குளவியும் ஒட்டிக்கும்.

எல்லாம் பாத்தேன், குளவியே கண்ணுல படலை

குளிருக்கு குளவி வராதுன்னு மேல்மலைல சொல்லுவாங்க. அது சரியில்ல. முட்டைக்கோசுல வைரமுதுகு அந்துக்கு டயடெக்மான்னு ஒரு குளவியை நீலகிரில விட்டாங்க, அது அந்தக் குளிர்லதான் நல்லா நிலைச்சுது. மூடுபனி நாள்ல பறக்காது அவ்ளோதான், பனி விலகி ரெண்டு மணி நேரம் வெயில் அடிச்சா வேலை பாக்கும்.

பெரும்பாலும் காரணம் சாப்பாடு. வளந்து பறக்குற குளவிக்குத் தேன் வேணும், பீன்ஸ் பூவுக்குள்ள அதால வாய் வைக்க முடியாது. கொத்தமல்லி, சோம்பு மாதிரி குடை விரிச்ச பூதான் அதுக்கு எட்டும். நான் வரப்புல ரெண்டு வரிசை கொத்தமல்லியைப் பறிக்காம பூக்க விட்டுருவேன், அது முடியுற நேரம் அடுத்தது பூக்குற மாதிரி மூணு வாரத்துக்கு ஒரு தடவை தூவுவேன். ரெண்டாவது, மண் ரோட்டை ஒட்டின தோட்டம்னா இலைல படியுற புழுதி, குளவிக்கு அது பெரிய தொந்தரவு, ஸ்பிரிங்க்ளர் ஒரு சுத்து விட்டாலே கழுவிரும். மூணாவது, பக்கத்துத் தோட்டத்து மருந்து. சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது, லென்ஸைக் கைல குடுங்க.

விதைக்கு வச்ச மொச்சைலயும் பீன்ஸ்லயும் ஓட்டை

பயறு வண்டு. ஓட்டை வட்டமா, கடுகு நுழையுற அளவுக்கு இருந்தா வண்டு வெளிய வந்தது. அதை விட சின்ன ஓட்டையும் கலந்து இருந்தா டைனார்மஸ் குளவி, விதைக்குள்ள இருந்த வண்டுப்புழுவைத் தின்னுட்டு வந்தது. ஆனா விதை விஷயத்துல நான் குளவிக்காக ஒரு நாள் கூட காத்திருக்க மாட்டேன், ஓட்டை விழுந்த விதை சரியா முளைக்காது. நல்ல விதையைப் பொறுக்கி, நல்லா காயவச்சு, கிலோவுக்கு ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய் தடவி, டின்னுல வாய் வரைக்கும் நிறைச்சு இறுக்கி மூடுங்க. பொறுக்கித் தள்ளுன ஓட்டை விதையை மட்டும் துணி கட்டுன பாட்டில்ல போட்டு தோட்டத்துப் பக்கமே போகாத இடத்துல வச்சு, வண்டு எத்தனை, குளவி எத்தனைன்னு எண்ணிப் பாத்துட்டு, அப்புறம் வெந்நீர்ல கொட்டிருங்க.